தினமும் தாண்டிப்போன துறைமுகம்

காலை ஏழு மணி. வாயில் பிரஷ்ஷோடு செல்போனைத் திறந்தால் ஒரு படம். கடல் முழுக்க ஐஸ். அதன் மேலே குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் சிலர். பின்னால் ஆரஞ்சு வெளிச்சத்தில் கிரேன்கள், கப்பல்கள். கீழே ஒரே ஒரு வரி: ‘எங்க ஊரு ஹார்பர். எப்டி?’

அனுப்பியது என் பெரியம்மா பையன். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் விளாதிவொஸ்தோக்கில் டாக்டருக்குப் படிக்கிறான். மாஸ்கோவில் ரயில் ஏறினால் 9,288 கிலோமீட்டர் தாண்டி வரும் கடைசி ஸ்டேஷன் அது. ரஷ்யாவின் பசிபிக் கடற்படைக்குத் தலைமையகமாக இருக்கும் ஊர் என்பதால், 1992 வரை வெளிநாட்டுக்காரர்களுக்குக் கதவு சாத்தியே இருந்தது. அந்த ஊர் ஹார்பரில் நம்ம பாகூர்க்காரன் ஒருத்தன் கேமராவை மாட்டிக்கொண்டு திரிகிறான் என்றால், வயிறு எரியுமா எரியாதா?

‘செம ணா! எனக்கும் இந்த மாதிரி ஒரு துறைமுகம் கெடச்சா பின்னிடுவேன்’ என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. ‘உன் ஊர்ல இன்னாடா இருக்கு? ஏரி இருக்கு, எருமை இருக்கு. ரெண்டையும் ஒரே ஃப்ரேம்ல எடு. அவார்டு குடுப்பாங்க.’

பாகூர் ஏரியைப் பற்றி இப்படிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியின் பெரிய ஏரி எங்களுடையது. ஆனால் துறைமுகம் இல்லையே! அந்த வாரமே பத்திரிகை ஆபீஸிலும் சொல்லிவிட்டார்கள்: “தம்பி, ஒரு பயண போட்டோ ஃபீச்சர் பண்ணு. பஸ் சார்ஜ், டீ எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள்ள முடிச்சுக்க.” முந்நூறு ரூபாய்க்கு ரஷ்யா எங்கே போவது? மரக்காணம் போய் வரலாம்.

மறுநாள் காலேஜ் பஸ். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், நோணாங்குப்பம் எல்லாம் தாண்டி அரியாங்குப்பம் வந்தது. வழக்கம்போல ஜன்னலோரம் தூக்கம். டிரைவர் பிரேக் போட்டதில் மண்டை கம்பியில் இடித்துக் கண் விழித்தால், வீராம்பட்டினம் பக்கம் திரும்பும் ரோடு. அரிக்கமேடு!

மூன்று வருஷமாக அந்தத் திருப்பத்தைத் தாண்டித்தான் காலேஜ் போகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் படித்து, ‘ரோமானியர்களுடன் வணிகம் நடந்த பழைய துறைமுகம்’ என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை படை கிளம்பியது. படை என்றால் இரண்டு பேர். நானும், என் கிளாஸ்மேட் வில்லியனூரானும். பைக் அவனுடையது, பெட்ரோல் என்னுடையது. கேமரா அவன் மாமாவுடையது. கல்யாண வீடுகளில் உழைத்துக் களைத்த ஒரு பழைய நிக்கான். ஜூம் வளையத்தில் இன்னும் சந்தன வாசனை.

காக்காயந்தோப்பு போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. போட்டோகிராபி தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரித்துவிடுவார்கள். உச்சி வெயிலில் நிழல் கால் அடியில் விழும். முகம் கறுக்கும், வானம் வெளுக்கும். அதெல்லாம் எங்களுக்கு யார் சொன்னார்கள்?

உள்ளே போனால் மாந்தோப்பு. அதைத் தாண்டினால் தென்னந்தோப்பு. அந்தப் பக்கம் அமைதியாக ஓடும் அரியாங்குப்பம் ஆறு. மேடு பள்ளமாகத் தரை. ஒரு ஆடு. கப்பல் இல்லை, கிரேன் இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை. துறைமுகம் என்று சொல்ல ஒரு படிக்கட்டுகூட இல்லை.

“மச்சான், துறைமுகம் எங்கடா?” என்றான் வில்லியனூரான்.

நல்ல வேளை, மரங்களுக்கு நடுவே செங்கல்லில் இடிந்து நின்றன இரண்டு தூண்கள். ஆஹா! ஒரு மணி நேரம் அந்தத் தூண்களைச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். படுத்து எடுத்தேன், தொங்கி எடுத்தேன். அன்று ராத்திரியே பட்டையைக் கிளப்பும் கறுப்பு வெள்ளையில் மாற்றி, ‘2000 வருஷத்துக்கு முன்னாடி ரோமானியர் கட்டிய தூண்! நம்ம அரிக்கமேடுடா!’ என்று ஸ்டேட்டஸ் போட்டேன். லைக்ஸ் அள்ளியது. சித்தப்பா குடும்ப குரூப்பில் போட்டார். அங்கிருந்து யாரோ ஊர் குரூப்பில் போட்டார்கள். நான் விளாதிவொஸ்தோக்குக்கு அனுப்பினேன். ‘சூப்பர்டா’ என்று பதில் வந்தது. அன்றைக்குத் தூக்கம் அப்படி வந்தது.

மறுநாள் வில்லியனூரான் வீட்டில் ஒரு பல்பு வாங்கினேன். ஆயிரம் வாட்ஸ் பல்பு. அவனுடைய அக்கா எம்.ஏ. வரலாறு. படத்தைப் பார்த்ததும் ஒரு சின்னச் சிரிப்பு.

“தம்பி, அது ரோமானியர் கட்டினது இல்ல. 1770-கள்ல பிரெஞ்சு பாதிரியார்கள் நடத்தின குருமடம். பிஞ்ஞோ தெ பெஹேன்னு ஒருத்தர், பின்னால வியட்நாம் அரசியல்ல பெரிய ஆளா ஆனவர், அவரோட காலத்துக் கட்டடம். நீ ஆயிரத்து எழுநூறு வருஷம் சேத்துப் போட்டுட்ட.”

சட்டென்று ஸ்டேட்டஸை அழித்தேன். குரூப்பில் மன்னிப்புக் கேட்டுத் திருத்தமும் போட்டேன். அந்தத் திருத்தத்தை யாரும் ஃபார்வர்டு பண்ணவில்லை. தப்பு மட்டும் ஊர் சுற்றிவிட்டு, நாலு நாள் கழித்து ஒரு தூரத்து மாமா மூலமாக எனக்கே திரும்பி வந்தது. ‘தெரியுமா மாப்ள, நம்ம ஊர் பெருமை!’ என்ற முன்னுரையோடு! படம் பொய் சொல்லவில்லை. படத்தின் கீழே நான் எழுதிய வரிதான் பொய். படத்தைவிட வேகமாக ஓடியதும் அந்த வரிதான்.

அக்கா திட்டவில்லை. ஒரு பேப்பரில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். அதைப் படித்தபிறகுதான், நான் மிதித்து நடந்த அந்த மேட்டின் கனம் புரிந்தது.

வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1769-இல் புதுச்சேரியில் காத்திருந்தார் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டி. சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. பாவம், பிரான்ஸிலிருந்து வந்து வருஷக்கணக்கில் காத்திருந்தவர்! வானத்தில் ஏமாந்த மனிதர், தரையில் இருந்த ஒன்றைக் குறித்து வைத்தார்: வீராம்பட்டினம் பக்கம் கிடந்த பழைய செங்கல் கட்டுமானங்கள். அதற்கப்புறம் நீண்ட மௌனம். 1930-களின் கடைசியில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடிய மணிகளையும் கற்களையும் பார்த்து ஆச்சரியப்பட்டு ஆராய ஆரம்பித்தார். 1945-இல் மார்டிமர் வீலர் வந்து முறையாகத் தோண்டினார். மதுவும் ஆலிவ் எண்ணெயும் ஏற்றி வந்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்தில் செய்த பளபளக்கும் சிவப்புப் பாத்திரங்களின் துண்டுகளும் கிடைத்தன. அந்தப் பாத்திரங்களின் காலம் ஏற்கெனவே தெரியும் என்பதால், அதே மண் அடுக்கில் கிடைத்த நம்ம ஊர்ப் பானைகளுக்கும் காலம் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு கடிகாரம் கிடைத்த மாதிரி. 1989 முதல் 1992 வரை மறுபடி தோண்டிய விமலா பெக்லி குழு, ரோமானிய வணிகத்துக்கு முன்பே இங்கே ஊர் இருந்ததையும், பின்னாலும் தொடர்ந்ததையும் காட்டியது.

துறைமுகம் எங்கேடா என்று கேட்டோமே, அது காலுக்கு அடியில் இருந்தது. எடுத்ததை எடுத்துக்கொண்டு, பள்ளங்களை மூடிவிட்டார்கள். பார்வைக்கு மிச்சம் தோப்பும் ஆறும்தான். அதைப் போய் எப்படிப் படம் எடுப்பது?

“வீலர் எடுத்த படங்களைப் பாரு” என்றார் அக்கா. மனிதர் போட்டோ விஷயத்தில் மகா கறார். தொல்லியல் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் போட்டோ எடுப்பதற்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. குழியைத் துடைத்துச் சுத்தம் செய்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துவிட்டுத்தான் கிளிக். அளவுகோல் இல்லாத படத்தில் இருப்பது பானையா, கிணறா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. எங்கள் லேபில் ஸ்கேல் போடாமல் வரைந்த கிராஃபை சார் கிழித்துப் போடுவது ஞாபகம் வந்தது.

அடுத்து, பாரதி பூங்கா பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி மியூசியம். இந்த முறை கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரு மணி நேரம் வெறுமனே பார்த்தேன். ஜாடித் துண்டுகள், மணிகள். சிவப்பு, நீலம், பச்சை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி மணிகள். காய்ச்சிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூட்டில் காட்டி முனை மழுக்குவார்களாம். அரிக்கமேடு அப்படி மணி செய்து ஏற்றுமதி செய்த ஊர். இறக்குமதி மட்டும் பண்ணிய ஊர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். ஆயா பிறந்த ஊர் வீராம்பட்டினம் பக்கம். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தவர். நான் மணி என்றதும் வெற்றிலையை ஓரம் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மணியா? மழ வுட்டதும் மேட்டுக்கு ஓடுவோம்டா. மண்ணு கரைஞ்சி மணி மின்னும். மடி நெறைய பொறுக்குவோம். நூல்ல கோத்து பொம்மைக்குப் போடுவோம்.”

எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு பழைய மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்து அவிழ்த்தார். ஐந்து மணிகள். நான்கு சிவப்பு, ஒன்று நீலம்.

“உங்கம்மா பொறந்தப்போ கையில கட்டினது. கண்ணு படாம இருக்கட்டும்னு.”

மியூசியத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பார்த்ததும் இதுவும் ஒன்றுதான். என் அம்மா குழந்தையாக இருந்தபோது கையில் கட்டிக்கொண்டு தவழ்ந்திருக்கிறாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அவசரமாகக் கேமராவை எடுத்தேன். கை நடுங்கியதில் முதல் மூன்று படமும் அவுட் ஆஃப் ஃபோகஸ்.

அடுத்த வாரம் ராத்திரியெல்லாம் மழை. விடிவதற்குள் மறுபடி காக்காயந்தோப்பு. இந்த முறை மணி ஐந்தே முக்கால். தென்னைகளுக்கு நடுவே படுக்கைவசமாக வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் தரையின் ஒவ்வொரு மேடும் நிழலோடு எழுந்து நின்றது. பதினொன்றரை மணிக்குத் தட்டையாகத் தெரிந்த அதே இடம்! ஆற்றின் வளைவை எடுத்தேன். ஒரு கட்டுமரக்காரர் முகத்துவாரம் பக்கம் போய்க்கொண்டிருந்தார். வீலரும் பார்த்திருப்பார், அரெஸ்ஸோ ஜாடியை இறக்கியவனும் பார்த்திருப்பான், இந்த வளைவை.

அப்போதுதான் கால் பக்கத்தில் பார்த்தேன். ஈர மண்ணில் ஒரு நீலப் புள்ளி. மணி.

மண்டியிட்டேன். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை அளவுக்கு வைத்து நாலு படம் எடுத்தேன். வாழ்க்கையிலேயே நான் எடுத்த நல்ல படம் அது.

“ஒண்ணே ஒண்ணு மச்சான். பாக்கெட்ல போடு. ஆயாகிட்ட அஞ்சு இருக்குல்ல, ஆறாயிடும்” என்றான் வில்லியனூரான்.

பொய் சொல்ல மாட்டேன். எடுத்தேன். விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பாக்கெட் வரைக்கும் கை போனது. பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து இதை எடுத்துக்கொண்டு போவது சட்டப்படி குற்றம் என்று தெரியும். ஆனால் என்னைத் தடுத்தது சட்டம் இல்லை. அக்கா சொன்ன அந்தக் கடிகாரக் கதைதான். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் ஒரு பொருளின் பிறந்த தேதி. இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அப்புறம் அது வெறும் பாசிமணி. மழை ஏற்கெனவே அதைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கும். மிச்சத்தையும் நான் ஏன் அழிக்க வேண்டும்? இருந்த குழியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். வில்லியனூரான் தலையில் அடித்துக்கொண்டான்.

அதோடு முடியவில்லை. ஆபீஸில் அந்தப் படத்தைப் பார்த்ததும் துள்ளினார்கள். “இதான் தம்பி அட்டை! எந்த இடத்துல கெடந்துச்சுன்னு தெளிவா எழுது. படிக்கிறவங்க போய்ப் பார்க்கட்டும்.”

“வேணாம் சார்.”

இன்டர்ன் ‘வேணாம் சார்’ சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்டர்ன்களுக்குத்தான் தெரியும். என் ஒரு பொய் வரி ஊரெல்லாம் சுற்றியதை நான் பார்த்தவன். இந்த உண்மை வரி சுற்றினால்? அடுத்த மழைக்கு மேட்டில் ஆளுக்கொரு டப்பாவோடு கூட்டம் நிற்கும். திக்கித் திணறிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்கள். மணி படம் அட்டைக்குப் போகவில்லை. உள்ளே சின்னதாக, பின்னணி தெரியாமல் வெட்டி, இடம் போடாமல் வருகிறது. எனக்கு அட்டைப்படம் போச்சு. வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் தப்பான கேப்ஷன் ஆகிவிடும்.

இன்னொரு படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரிக்கமேட்டுப் பானை ஓடுகளில் சிலவற்றின் உட்பக்கம், சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாக ஓடும். அதை எப்படிப் போட்டிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள வில்லியனூர் போனோம். சுடுமண் வேலைக்குப் பேர்போன ஊர். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. நண்பனின் உறவுக்காரர் ஒருவர், பெரியவர், சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஈரம் வற்றிய கிண்ணத்தின் மேல் ஒரு மெல்லிய தகட்டைத் தளர்வாகப் பிடித்தார். தகடு துள்ளத் துள்ள, புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் விழுந்தது. “இது மாதிரி இருக்குமா பாருங்க” என்றார். கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது.

ஷட்டரை மெதுவாக வைத்து, சுழலும் மண்ணையும் அவர் கைகளையும் எடுத்துத் தள்ளினேன். இருபது படம் ஆனதும் அவர் சக்கரத்தை நிறுத்தினார்.

“இன்னா தம்பி, வர்றவங்க எல்லாரும் கைய மட்டும் எடுத்துட்டுப் போறாங்க. எனக்கு மூஞ்சி இல்லியா?”

சுருக்கென்றது. அரெஸ்ஸோ பாத்திரங்களில் செய்தவரின் பெயரை முத்திரையாகக் குத்தியிருப்பார்கள். அரிக்கமேட்டு ஓடுகளிலும் தமிழ் பிராமியில் பெயர்கள் கீறியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பானைக்கே பேர் இருக்கிறது. ‘மண்ணோடு பேசும் கைகள்’ என்று கவிதையாகக் கேப்ஷன்கூட யோசித்து வைத்திருந்தேன், வெட்கக்கேடு! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மீசையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். எடுத்தேன். ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டு அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்தேன். பேப்பரில் பேர் போட அவர் சம்மதிக்கவில்லை. “மூஞ்சி வூட்ல இருந்தா போதும்” என்றார். அதனால் அந்தப் படம் இந்தப் பக்கத்தில் இல்லை. அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

கேமராவோடு கிளம்பும் நண்பர்களுக்கு, பல்பு வாங்கியவன் சொல்லும் நாலு விஷயம்:

விடிந்ததும் போங்கள், இல்லையென்றால் சாயங்காலம் போங்கள். பழைய இடங்களில் மேடு பள்ளம் தெரிய, சாய்ந்த வெயில்தான் வேண்டும்.

சின்னப் பொருளை எடுத்தால் பக்கத்தில் அளவுக்கு ஏதாவது வையுங்கள். பொருளைத் தொடாதீர்கள்.

செல்போனில் எடுத்த படத்தோடு, எடுத்த இடமும் ஒளிந்துகொண்டு போகும். பாதுகாக்க வேண்டிய இடம் என்றால் செட்டிங்ஸில் லொக்கேஷனை அணைத்துவிட்டு எடுங்கள்.

படத்துக்குக் கீழே எழுதுவதற்கு முன்னால் தெரிந்தவர் ஒருவரிடம் கேளுங்கள். முக்கியமாக அக்காக்களிடம்!

எல்லாப் படத்தையும் விளாதிவொஸ்தோக்குக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. ராத்திரி வந்தது. ‘ஒண்ணுமே இல்லாத எடம் மாதிரி இருக்கு. ஆனா மூணு தடவ பாத்துட்டேன்டா. அந்த ஆறு திரும்புற படம். இங்க பனி. ஆயா எப்டி இருக்காங்க?’

ஆயாவைப் போன ஞாயிற்றுக்கிழமை மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இத்தனை வயதுக்கு முதல் தடவை. மணிகள் இருந்த கண்ணாடிப் பெட்டியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். “எங்க மேட்டு மணி” என்றார், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மாவிடம். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் வச்சிருக்கறதையும் குடுத்துடணுமாடா?”

“யாரும் கேக்கல ஆயா.”

“குடுத்தா யார் வச்சிருந்தாங்கன்னு எழுதுவாங்களா?”

எனக்குத் தெரியவில்லை. திரும்பக் கொண்டுபோய் மேட்டில் போட்டுவிடலாமா என்றும் கேட்டார். போட்டாலும் அது பழைய இடம் ஆகாது என்றேன். அதற்கப்புறம் பஸ்ஸில் ஆயா பேசவில்லை. அந்த ஐந்து மணியையும் முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்தார் என்பதை அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போதுதான் பார்த்தேன். முடிச்சை விரலால் உருட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக வீராம்பட்டினம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முடிச்சு இன்னும் டிரங்குப் பெட்டிக்குத் திரும்பப் போகவில்லை. சாமி மாடத்தில் இருக்கிறது. ஆயா முடிவு பண்ணட்டும்.

அது இருக்கட்டும். நீங்கள் தினமும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டிப்போகும் திருப்பம் எது?